கட்டை போட்டது யார்

மலேசியாவில், நீலாயில் என் மகள் வீட்டு அடுப்படி எரிந்து நாலு மாதம் ஆகிறது. காப்புறுதிக் கம்பெனி இன்னும் பணம் கொடுத்தபாடில்லை. இந்தக் கடுதாசி வேண்டும், அந்தப் படம் வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போகிறார்கள். போன வாரம் நிரப்பி அனுப்பச் சொல்லி இன்னொரு பாரம் வந்தது. தீப்பிடிப்பதற்கு முன் கடைசியாக அங்கே இருந்தவர் யார் என்று அதில் ஒரு கேள்வி. மகள் வாய்விட்டுப் படித்தாள். பதினைந்து வயதுப் பேத்தி போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "நான்தான் மா. மீ நூடுல்ஸ் போட்டுட்டு அடுப்ப அணைக்க மறந்துட்டேன் லா. எழுதிக்கோங்க" என்றாள். மகள் திட்டினாள், எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

நான் தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல எழுந்து போய்ப் பின்வாசலில் நின்றேன். இதே கேள்வியை ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலும் வந்து கேட்டார்கள். அப்போது எனக்குப் பதினாலு வயது. பதில் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதவில்லை.

அது மலாயாவில் வெள்ளைக்கார ஆட்சி கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். மாலை ஆறு மணிக்குச் சாத்தினால் விடிந்துதான் திறப்பார்கள். வேலிக்கு வெளியே இரவு தங்கியவன் காட்டாளுக்குச் சோறு கொடுத்தவன் என்றே வைத்துக்கொள்வார்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலரைக் கப்பலேற்றி, அவர்கள் கண்ணால் கண்டிராத இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகவும் பேச்சு.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். தாத்தா, பதினேழு வயது அண்ணன், நான். அம்மா மலேரியாவில் போய்விட்டாள். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடப் போனவர், திரும்பவில்லை. "மூணு மாசந்தானே, போயிட்டு வா" என்று அப்பாவை லாரி ஏற்றிவிட்டது தாத்தாதான். அதற்கப்புறம் அவர் எங்கள் இருவரையும் கண்ணிலிருந்து விட்டதே இல்லை. ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்ததும் இரண்டு பேர் தலையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார். அண்ணனுக்கு அவரே முடி வெட்டிவிடுவார். சட்டியைக் கவிழ்த்து வெட்டின மாதிரி இருக்கும். அண்ணன் அதை எண்ணெய் போட்டு மேலே தூக்கிச் சீவிக்கொண்டு, பெரிய சினிமாக்காரன் நினைப்பில் திரிவான். நான் இங்கிலீஸ் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிக்க வேண்டும். தாத்தாவுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் முடிகிறவரைக்கும் கேட்டுவிட்டுத்தான் படுப்பார்.

எஸ்டேட் எல்லையை ஒட்டி, வேலிக்கு வெளியே, தாத்தாவுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருந்தது. ஆயுசெல்லாம் துரைக்கு மரம் வெட்டிப் பால் எடுத்துச் சேர்த்ததில் வாங்கியது. அதன் ஓரத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற ஒரு பலகைக் கொட்டாய். கொரியாவில் சண்டை என்று ரப்பர் விலை ஏறிக்கிடந்த சமயம் அது. அந்த மூன்று ஏக்கரின் தயவில்தான் நான் பக்கத்து டவுனான சிரம்பானில் இங்கிலீஸ் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அண்ணனுக்கு ஒரு சைக்கிள் வருவதாக இருந்தது. சிரம்பான் காப்புறுதி ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பேசிப் பேசியே கொட்டாயைப் பதிந்துகொண்டு போனார். காட்டாட்கள் கொளுத்தினால் பணம் கிடையாது, தானாகத் தீப்பிடித்தால் உண்டு என்று விளக்கினார். "நாம வெந்தா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான், கொட்டாய் வெந்தா காசு குடுப்பானாம்" என்று தாத்தா ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

புகைக்கொட்டாயில் தீ எரியக்கூடாது, புகையத்தான் வேண்டும். அடியிலுள்ள குழியில் பச்சை ரப்பர் கட்டையைப் போட்டு, இரவெல்லாம் ஓர் ஆள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வதுதான் முறை. வேலி வந்த பிறகு இரவில் யார் இருப்பது? சின்னத் தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். கேட் சாத்துவதற்கு முன், விடியும்வரை தாங்குகிற மாதிரி தொடைப் பருமன் பச்சைக் கட்டையாக அடுக்கி, மேலே ஈரச் சாம்பலைக் கொட்டி மூடிவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். பச்சைக் கட்டை, ஈரச் சாம்பல், மிச்சத்தை மாரியாத்தா பார்த்துக்கொள்வாள் என்பார் தாத்தா. அந்த வேலை அண்ணனுடையது.

ஒரு சனிக்கிழமை அண்ணன் என்னைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூப்பிட்டான். "சிரம்பான்ல புதுப் படம் வந்திருக்கு. மத்தியான பஸ்ஸுல போயிட்டு அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன். வரலன்னா நீ கட்டைய போட்டுரு. தாத்தாகிட்ட மூச்சு விடாத" என்றான். வாய்க்குப் பூட்டாக ஒரு பொட்டலம் கச்சான் கடலை வாங்கி வருவதாகவும் சொன்னான்.

அஞ்சு மணிக்கு அவன் வரவில்லை. அஞ்சரைக்கும் வரவில்லை. வருவான் வருவான் என்று நான் கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு சோம்பலாக உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் எழுந்து ஓடினேன். கேட்டில் ஆண்களின் பெயரையும் அவர்கள் வெளியே போகிற, உள்ளே வருகிற நேரத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். விறகுக்குப் போகிற பெண்களை எழுதுவதில்லை. நாளைக்கு நாற்பது தடவை போய்வருகிறவர்களை யார் எழுதுவது? "எங்க புள்ள இந்நேரத்துல?" என்றார் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள். "வெறகுக்கு" என்றேன். விட்டுவிட்டார்.

பச்சைக் கட்டைகள் கொட்டாய்க்குப் பின்னால் கிடந்தன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கொட்டாய் வாசலில் எங்கள் வீட்டு அடுப்புக்கு வெட்டிக் காயப்போட்ட விறகு இருந்தது. கேட்டுப் பக்கத்தில் தண்டவாளத் துண்டில் முதல் மணி அடித்தார்கள். இன்னும் பத்து நிமிஷம். காய்ந்த விறகைக் கை கையாக அள்ளிக் குழிக்குள் தள்ளினேன். சாம்பலை நனைக்க ஓடைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வரவேண்டும். போகவில்லை. ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்தேன்.

சாப்பிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில் நாற்றம் வந்தது. ரப்பர் எரிகிற நாற்றத்தை எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். எல்லோரும் வேலிக்கு ஓடினோம். மரங்களுக்கு மேலே சிவப்பாகத் தெரிந்தது. கேட்டைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். வெளியே வரவழைத்துச் சுடுவதற்காகக் காட்டாட்கள் கொளுத்தியிருக்கலாம் என்றார்கள். தாத்தா முள்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "பச்சக் கட்டைதானே போட்டிருப்பான், பச்சக் கட்டைதானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முள் கையில் ஏறியிருந்ததை மறுநாள்தான் பார்த்தோம். நான் அவருடைய கைலி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

அண்ணனை அன்றிரவு யாரும் தேடவில்லை, தீ அமளியில் கேட்டுப் புத்தகத்தையும் யாரும் சரிபார்க்கவில்லை. வயசுப் பையன்கள் வீட்டில் படுப்பதில்லை, வாசகசாலைக் கொட்டகையில் கும்பலாகப் படுப்பார்கள். விடிந்து கேட் திறந்து எல்லோரும் சாம்பலைப் பார்க்க ஓடினபோது அவனும் எங்களோடு நின்றான். பிறகு குழாயடியில் என்னிடம் சொன்னான். திரும்பி வரும் வழியில் பட்டாளத்துக்காரன் பஸ்ஸை மறித்துச் சிரம்பானுக்கே திருப்பி அனுப்பிவிட்டான். சிரம்பானில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பெஞ்சில் படுத்துவிட்டு, விடிவதற்குள் ரப்பர் பால் லாரியில் தொத்திக்கொண்டு வந்து கூட்டத்தோடு கலந்துவிட்டான்.

"நீ கட்டைய போட்டியா?"

"போட்டேன்."

"பச்சக் கட்டைதானே?"

"ம்."

அந்த 'ம்' ஒன்றுதான் நான் சொன்ன பொய். மற்றதெல்லாம் சொல்லாமல் விட்டவை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்களே, அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

மூன்றாவது வாரம் காப்புறுதிக் கம்பெனி கிளார்க் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, சாம்பல் படாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். "கடைசியாக் கட்டை போட்டது யார்?" என்று கேட்டார். "என் பேரன்" என்றார் தாத்தா. அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தான். "ஆமா சார், நான்தான். அஞ்சரைக்குப் போட்டுட்டு வந்துட்டேன்" என்று கையெழுத்தும் போட்டான். சினிமாவுக்குப் போனதும் மறைந்தது, நானும் தப்பினேன் என்று நினைத்திருப்பான். எங்கள் வீட்டில் அவன்தான் நல்லவன்.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். அந்தப் பெரிய ஆபீசர் விடுமுறையில் போனார், இந்தக் கடிதம் கோலாலம்பூருக்குப் போயிருக்கிறது, போலீஸ் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். தாத்தா இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு சிரம்பானுக்குப் போவார், அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஞாபகக் கடிதங்களை இங்கிலீசில் எழுதுவது என் வேலை. தீப்பிடித்த காரணம் எங்களுக்குத் தெரியாது என்று என் கையாலேயே எத்தனை தடவை எழுதினேன்! தெரிந்த ஒரே ஆள் நான். எழுதி முடித்ததும் தாத்தா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என் தங்கத்து எழுத்து முத்து முத்தா இருக்கு" என்பார். அந்த நாட்களில் எனக்கு என் தலைமுடியில் ரப்பர் கருகல் நாற்றம் அடித்துக்கொண்டே இருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. மற்ற யாருக்கும் அது தெரியவில்லை.

கடைசியில் ஒரு நல்ல கடிதம் வந்தது. பணம் தரத் தயார். பேரன் கட்டை போட்டுவிட்டு ஆறு மணிக்குள் திரும்பிவிட்டான் என்பதற்குக் கேட்டுப் புத்தகத்தில் அந்த நாளின் பக்கத்தை நகலெடுத்து அனுப்பினால் போதும். தாத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "சைக்கிள் என்னா கலர்டா வேணும்?" என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டே கேட்டுக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது அண்ணன் பால் சுமக்கப் போயிருந்தான். தாத்தா கட்டிலில் உட்கார்ந்தார். நான் பேனாவும் தாளுமாகத் தயாராக இருந்தேன்.

"எழுது. எனக்குப் பணம் வேணாம். நான் கேட்டத வாபஸ் வாங்கிக்கிறேன்."

"என்னா தாத்தா?"

"ஒங்கண்ணன் வெளிய போனது புத்தகத்துல இருக்கு. மத்தியானம் ஒரு மணிக்கு. உள்ள வந்தது இல்ல." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்த ராத்திரி பூரா அவன் வெளியதான் இருந்திருக்கான். கொட்டாயும் அன்னிக்குத்தான் எரிஞ்சது. இந்தப் பக்கத்த யாரு கண்ணுலயும் படவிடக் கூடாது. ஒரு புள்ளய நானே லாரி ஏத்தி விட்டேன். இன்னொண்ணத் தர மாட்டேன். எழுது."

அப்போது சொல்லியிருக்கலாம். அண்ணன் சினிமாவுக்குப் போனான், கட்டை போட்டது நான், அதுவும் காய்ந்த விறகு என்று மூன்று வாக்கியம். ஆனால் 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இங்கிலீஸ் பள்ளிக்கூடம்' என்று லயத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள், தாத்தா மட்டும்தான் காதில் வாங்காமல் இருந்தார். என் கையால் கொட்டாய் எரிந்தது என்று தெரிந்தால் அவரும் அந்தப் பக்கம் சேர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன். அதைவிட, 'என் தங்கம்' என்று இனிமேல் சொல்லமாட்டாரோ என்று பயந்தேன். குனிந்து எழுதினேன். அந்தக் கடிதத்திலும் எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் தாத்தா அண்ணனை விட்டு நகரவே இல்லை. கொட்டகையில் படுக்கக்கூடாது என்றார். தன் பாயைக் கதவுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டார். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அவனோடு நடந்தார். மரம் வெட்டுகிற நிரையில் நாலு மரம் தள்ளிக் குந்தியிருந்தார். காட்டுக்குக் கொண்டுபோக அவனிடம் சோறு இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெருங்கி நெருங்கியே அவனை மூச்சு முட்டவைத்தார். அண்ணனோ, தான் கவனமில்லாமல் கட்டை போட்டுக் கொட்டாயை எரித்துவிட்டதாகத் தாத்தா கோபமாக இருக்கிறார் என்று நினைத்தான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அதைத் தாங்கிக்கொண்டான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினான். "நான் என்னா கைதியா? கொட்டாய் எரிஞ்சதுக்கு இன்னும் எத்தன நாளைக்கு?"

தாத்தா மெதுவாகத்தான் கேட்டார். "காட்டுல எத்தன பேருக்குடா சோறு குடுத்த?"

அண்ணன் எழுந்துவிட்டான். "காட்டுலயா? தாத்தா, நான் அன்னிக்குப் படம் பாக்கப் போனேன். பஸ்ஸ மறிச்சுட்டான். சத்தியமா."

"படம் பாக்கப் போனவன் அஞ்சரைக்குக் கட்டை போட்டேன்னு எப்படிக் கையெழுத்துப் போட்ட?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாக இல்லை. நான் இப்போது சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கையாகப் பார்த்தான். எனக்கு முன்னால் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதன் விளிம்பில் ஒரு நெளிவு. நான் அந்த நெளிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது அவன் என்னைப் பார்ப்பதை விட்டிருந்தான்.

அடுத்த வாரம் சிங்கப்பூரில் கப்பல்துறையில் வேலை என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். தாத்தா தடுக்கவில்லை. காட்டைவிடச் சிங்கப்பூர் மேல் என்று நினைத்திருக்க வேண்டும். பஸ் ஏறும்போது தாத்தா அவன் தலையைத் தொட்டார். அவன் எனக்கு ஒரு பொட்டலம் கச்சான் வாங்கிக்கொடுத்தான். அன்று வாய்க்குப் பூட்டாகத் தருவதாகச் சொன்ன அதே கச்சான். முதல் வருஷம் முகவரியோடு ஒரு தபால் அட்டை வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

வேலியைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போன வருஷம் நான் வாத்தியார் பயிற்சியில் இருந்தேன். லீவில் வந்தபோது வேலி இருந்த இடத்தில் புல் வேறு நிறமாக இருந்தது. தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காய்ந்த விறகு, நனைக்காத சாம்பல், கதைப் புத்தகம், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அழுதேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

தாத்தா கையை நீட்டி என் தலையைத் தேடித் தொட்டார். "அண்ணனுக்காகப் பழிய உன் தலையில போட்டுக்கிற. என் தங்கம் நீ. அவன விட்டுக்குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"இல்ல தாத்தா, நிஜமா..."

"போதும்மா. நான் அவன எப்பவோ மன்னிச்சுட்டேன். ஒரு தாள எடு, எழுது."

அவர் சொல்ல நான் எழுதினேன். நீ செய்ததை நான் மறந்துவிட்டேன், காட்டில் இருந்தவர்களும் பசித்த பிள்ளைகள்தானே, வீட்டுக்கு வா. என் முத்து முத்தான எழுத்தில், நான் செய்ததற்கு அண்ணனுக்கு மன்னிப்பு. முடித்ததும், கண் தெரியாதவர் முன்னாலேயே, அடியில் ஒரு வரி சேர்த்தேன். கட்டை போட்டது நான், காய்ந்த விறகு, அண்ணே நீ வந்து சொல், நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். சிங்கப்பூர் முகவரிக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து, இங்கே அப்படி யாரும் இல்லை என்று முத்திரை குத்தி, பிரிக்காமலே திரும்பி வந்தது. தாத்தாவிடம் சொல்லவில்லை. அவர் போகிறவரைக்கும் பஸ் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார்.

போன வாரம் அந்தப் பாரம் வந்த மறுநாள், என் பீரோவில் பழைய சேலை தேடிய பேத்தி அந்த உறையோடு வந்தாள். "பாட்டி, இது யாருக்கு? பிரிச்சே பாக்கல. பிரிக்கட்டா?" என்றாள். பிரி என்றேன். தமிழ்ப் பள்ளியில் படித்தவள், கட்டில் ஓரத்தில் என்னை ஒட்டி உட்கார்ந்து எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். கடைசி வரி வந்ததும் நிறுத்தினாள்.

"நீங்களா பாட்டி போட்டீங்க?"

"ஆமாம்."

நம்பிவிட்டாள். ஒரு கேள்வியில்லாமல், அப்படியே. என் சொல்லை முதல்முதலாக நம்பிய ஆள் அவள்தான். இத்தனை வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன் என்று தோன்றியது.

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பார்த்த அதே பார்வை, நான் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை. மேசையில் என் தண்ணீர்ச் செம்பு இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.